மாஸ்டா எம்எக்ஸ்-5 இரண்டாவது காராக வாங்க நினைக்கிறேன்: வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

பதிவு 1
ஆற்றங்கரை, ஹாரோ, லண்டன்

வணக்கம். வயது 47. வீட்டில் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்று இருக்கிறது. பள்ளி, கோயில், மளிகை, விமான நிலையம் எல்லாவற்றுக்கும் அதுதான். மகளுக்கு 15, மகனுக்கு 12. இருபது வருடங்களாக வண்டி ஓட்டுகிறேன். ஓட்ட வேண்டும் என்பதற்காகவே ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் பழைய சிவப்பு எம்எக்ஸ்-5இல் ரிக்மன்ஸ்வர்த் வரை அழைத்துப் போனார். பிப்ரவரிக் குளிர். கூரையை இறக்கிவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பிவிட்டார். சாலையின் மேடுபள்ளம் இருக்கை வழியாக முதுகில் தெரிந்தது. சிக்னலில் நின்றபோது வேலியோரப் புதரில் ஒரு பறவை கூவியது காதில் விழுந்தது. அதே சிக்னலில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன், அப்படி ஒரு புதர் இருப்பதே எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை.

கையில் 5,500 பவுண்டு வரை வைத்திருக்கிறேன். காரேஜ் கிடையாது, வீட்டு முன்றிலில்தான் நிற்கும். எந்தத் தலைமுறை வண்டி வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்? மனைவி கேட்ட கேள்வியையும் எழுதிவிடுகிறேன்: “நாம் நான்கு பேர். இரண்டு பேர் உட்காரும் வண்டியில் யாரை விட்டுவிட்டுப் போவீர்கள்?” அதற்கு இன்னும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பதிவு 2
பழையசாவி, ரெடிங்

நண்பரே, 1991ஆம் ஆண்டு வண்டி ஒன்றை 14 வருடங்களாக வைத்திருக்கிறேன். ஜப்பானிலிருந்து பழைய வண்டியாக இங்கே வந்து இறங்கியது. பின்னால் ‘யூனோஸ் ரோட்ஸ்டர்’ என்று எழுதியிருக்கும். தொடக்கத்தில் அங்கே அந்தப் பெயரில்தான் விற்றார்கள். அமெரிக்காவில் மியாட்டா.

இந்த வண்டியின் கதை தெரிந்தால் எதற்காக வாங்குகிறோம் என்பது தெளிவாகிவிடும். எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற பிரிட்டிஷ் திறந்த கார்களின் காலம் 1980உடன் முடிந்துபோனது. அவை அழகு, ஆனால் எண்ணெய் ஒழுகும், மழையில் கிளம்ப மறுக்கும். பாப் ஹால் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 1979இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம் சொன்னது இதுதான்: எளிய, மலிவான, பின்சக்கரங்களால் ஓடும் இருவர் வண்டி ஒன்றை நீங்கள் செய்யுங்கள். பத்து வருடம் கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கண்காட்சியில் அது வெளியே வந்தது. 2016இல் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. இருவர் அமரும் விளையாட்டுக் கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது என்ற கின்னஸ் பதிவும் இதற்கு உண்டு.

செய்தவர்கள் ‘ஜின்பா இத்தாய்’ என்ற சொல்லை முன்னால் வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். குதிரையும் வீரனும் ஓருடலாவது என்று பொருள். விளம்பரத்துக்குச் சொன்னதாக முதலில் நானும் நினைத்தேன். ஒருமுறை ஜாக்கியில் தூக்கி அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் நம்பினேன். கியர்பெட்டியையும் பின்சக்கரங்களுக்குத் திறனைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று இறுகப் பிணைத்திருக்கிறது. அதனால்தான் ஆக்சிலரேட்டரில் கால் பட்டதும் பின்சக்கரம் தயங்காமல் பதில் சொல்கிறது. எடை முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப் பாதி. நான்கு சக்கரத்துக்கும் டபுள் விஷ்போன் சஸ்பென்ஷன். 1.6 லிட்டர் இன்ஜினில் 115 குதிரைத்திறன்தான், மொத்த வண்டியும் ஒரு டன்னுக்குக் குறைவு. இன்றைய டீசல் குடும்ப வண்டிகள் பலவும் சிக்னலில் இதை முந்திவிடும். முந்தட்டும். மூன்றாவது கியரில் 40 மைல் வேகத்தில் ஒரு வளைவை எடுக்கும்போது எனக்குக் கிடைப்பது அவர்களுக்கு 90இலும் கிடைக்காது.

தலைமுறைகள்: மடிந்து நிமிரும் முகப்பு விளக்கு உள்ளது என்ஏ, 1997 வரை. அடுத்து என்பி, 2005 வரை. பிறகு என்சி, 2015 வரை. இப்போது வருவது என்டி. உங்கள் பணத்துக்கு என்டி கிடைக்காது. மற்ற மூன்றில் எது என்பதைத் துருதான் முடிவு செய்ய வேண்டும். ஆண்டும் நிறமும் அதற்குப் பிறகுதான்.

பதிவு 3
பனிமூட்டம், கிளாஸ்கோ

வாங்குங்கள் அண்ணா. இங்கே மழை நிற்காத ஊரிலேயே நான் கூரையைத் திறந்துகொண்டு போகிறேன். நாற்பத்தைந்து மைலுக்கு மேல் போனால் சாரல் தலைக்கு மேலாகப் பறந்துவிடும். சிக்னலில் நின்றால்தான் நனைய வேண்டும்.

பதிவு 4
தென்றல்72, குராய்டன்

எல்லாரும் வாங்கு என்கிறார்கள். வாங்கி விற்றவள் நான். என் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

2017இல் என்பி ஒன்று வாங்கினேன். மகனுக்கு அப்போது ஏழு மாதம். முதல் கோடையில் எண்ணிப் பார்த்தேன், ஒன்பது முறைதான் கூரையைத் திறந்திருந்தேன். குழந்தையை வைத்துக்கொண்டு திடீரென்று கிளம்ப முடியாது. பின்னோக்கி வைக்கும் குழந்தை இருக்கையை ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் வைப்பது சட்டப்படியே குற்றம், பின்னிருக்கையோ இந்த வண்டியில் கிடையாது. ஆக, நான் தனியாகப் போனால்தான் உண்டு. தனியாகப் போகும் நேரமெல்லாம் மனம் வீட்டில்தான் இருந்தது.

குளிர்காலத்தில் வண்டி தெருவில் மரத்தடியில் நின்றது. ஜனவரியில் கதவைத் திறந்தால் சீட்பெல்ட்டில் வெண்பூஞ்சை, கூரைத் துணியில் பச்சைப் பாசி. பேட்டரி இறங்கிப்போயிருந்தது. பின்பிரேக் பிடித்துக்கொண்டு சக்கரம் நகரவில்லை. அதைச் சரிசெய்யக் கொடுத்த பணத்தைவிட, அந்த வண்டியை அப்படி விட்டுவிட்டேனே என்ற வருத்தம் பெரிது. வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு வேண்டியதை அப்போது என்னால் கொடுக்க முடியவில்லை.

அதனால் ஆற்றங்கரை, ஒன்று கேட்கிறேன். வாரத்தில் எந்த நாள், எந்த நேரம் ஓட்டுவீர்கள்? அதை இப்போதே சொல்ல முடிந்தால் வாங்குங்கள். முடியாவிட்டால், ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

பதிவு 5
ஆற்றங்கரை

தென்றல் அவர்களே, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டரை வரை. அந்த நேரத்தில் என் வீட்டில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், நான் மட்டும் விழித்துக்கொண்டு சமையலறையில் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேள்வியைப் படித்த உடனே இந்தப் பதில் வந்துவிட்டது.

பதிவு 6
பட்டறைக்காரர், லெஸ்டர்

தம்பி, நான் எம்ஓடி என்ற வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை செய்பவன். இந்த வண்டிகள் வாரத்துக்கு ஒன்றாவது என் மேடையில் ஏறும். ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன், அதைப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

கூரை மூடியிருக்கும்போது அதன்மேல் விழும் மழை எங்கே போகிறது? துணியில் வழிந்து, பின்னால் ஒரு ரப்பர் வாய்க்காலில் விழுந்து, இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு மூலையிலும் உள்ள துளைகளில் இறங்கி, குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் சொட்ட வேண்டும். மரத்தடியில் நிற்கும் வண்டியில் அந்தத் துளைகள் இலைத்தூளாலும் மண்ணாலும் அடைத்துக்கொள்ளும். பிறகு தண்ணீர் நிரம்பி வழிந்து கம்பளத்துக்கு அடியில் போகும், சில்லுக்குள் இறங்கும். சில் என்பது கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி போன்ற பகுதி. வண்டிக்கு மேற்கூரையின் பலம் இல்லாததால் பாரத்தைப் பெருமளவு அதுதான் சுமக்கிறது. அந்தப் பெட்டி உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயிண்ட் கொப்புளித்துத் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். வண்டியைப் பார்க்கப் போகும்போது பின்சக்கர வளைவின் முன்பகுதியும் சில்லும் சேரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். காகிதம்போல நொறுநொறுவென்று இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

என்பி பார்த்தால் இன்னொன்று. முன்னால் இன்ஜினுக்கு இரண்டு பக்கமும் அடியில் ஓடும் சேஸிஸ் தண்டுகள் இரட்டைத் தகட்டால் ஆனவை. அந்த இடைவெளியில் உப்புத் தண்ணீர் தங்கிவிடும். மேடையில் ஏற்றாமல் அது கண்ணுக்குத் தெரியாது. அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கருப்புக் கலவை பூசியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். துருவைத் தடுக்கவும் பூசுவார்கள், மறைக்கவும் பூசுவார்கள்.

போவதற்கு முன்னால் பதிவு எண்ணை அரசாங்கத்தின் எம்ஓடி வரலாற்றுப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். ஒவ்வொரு வருடமும் சோதித்தவர் எழுதிய அறிவுரைக் குறிப்புகள் வரிசையாக இருக்கும். ‘துரு தொடக்கம்’ என்று ஒரு வருடம், ‘துரு கூடியிருக்கிறது’ என்று அடுத்த வருடம், பிறகு திடீரென்று ஒன்றுமே இல்லை என்றால், நடுவில் வெல்டிங் நடந்ததா என்று பில்லைக் கேளுங்கள்.

இன்ஜினைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியதில்லை. என்ஏ, என்பி இரண்டுக்கும் டைமிங் பெல்ட், 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். என்சிக்குச் சங்கிலி. எண்ணெய் அளவை மாதம் ஒருமுறை குச்சியை எடுத்துப் பாருங்கள். கிளட்ச் அடியில் உள்ள சின்ன சிலிண்டர் கசியும், மலிவான சாமான்தான். மீதி எல்லாம் நல்ல உழைப்பாளி.

பதிவு 7
இரவுப்பணி, ஷெஃபீல்ட்

என்னிடம் 2009ஆம் ஆண்டு என்சி இருக்கிறது, பொத்தானை அழுத்தினால் மடங்கும் கெட்டிக் கூரை உள்ளது. பன்னிரண்டு வினாடியில் இருக்கைக்குப் பின்னால் போய் அடங்கிவிடும். டிக்கியில் இடத்தைப் பிடிப்பதில்லை. வண்டி வெளியில்தான் நிற்கிறது, ஆறு வருடமாக. துணிக்கூரையைப் பற்றிய கவலை எனக்கு இல்லை, ஆனால் பட்டறை அண்ணன் சொன்ன வடிகால் இதிலும் உண்டு. ஒவ்வொரு அக்டோபரும் சுத்தம் செய்கிறேன்.

நான் செவிலியர். மாதத்தில் பாதி இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வார்டிலிருந்து வெளியே வந்தால் உடம்பு களைத்திருக்கும், ஆனால் தலைக்குள் மானிட்டர் சத்தம் ஓயாது. களைப்பில் ஓட்டுவது ஆபத்து என்பதால் அன்று நேராக வீட்டுக்குத்தான். தூங்கி எழுந்து, மாலை ஐந்து மணிக்கு ஸ்நேக் பாஸ் பக்கம் போவேன். ஏ57 சாலை, லேடிபவர் நீர்த்தேக்கத்தைத் தாண்டி மேலே ஏறும். ஆகஸ்டில் மேட்டுநிலம் முழுவதும் ஹெதர் பூத்து ஊதாவாக இருக்கும். கூரை திறந்திருந்தால் அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே மணம் வந்துவிடும். ஈரப் புல், ஆட்டுமந்தை, மழை பெய்த கற்சுவர், ஒவ்வொரு வளைவிலும் வாசனை மாறும். கீழே காட்டுக்குள் நுழையும் ஓரிடத்தில் காற்று சட்டென்று குளிர்ந்து கையில் மயிர் சிலிர்க்கும். மூடிய வண்டியில் அதே சாலையில் பத்து வருடம் போயிருக்கிறேன், அந்தக் குளிர்ந்த இடம் எனக்குத் தெரிந்ததே இல்லை.

பெண்களுக்கு ஒரு சொல்: பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு பருத்தித் துணியால் தலையைக் கட்டிக்கொள்ளுங்கள். பட்டுத் துணி வழுக்கி ஓடிவிடும். வெயில் இல்லாத நாளிலும் சன்ஸ்கிரீன் வேண்டும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு ஆற்றங்கரை அண்ணா, என் வீட்டு அனுபவம் இது. எனக்கும் இரண்டு பிள்ளைகள். ஏழு பேர் வண்டியில் போகும்போது நால்வரும் ஒரே அறையில் இருப்பதுபோல இருப்போம், யாரும் யாரோடும் தனியாகப் பேசுவதில்லை. இதில் பக்கத்தில் ஒருவர்தான் உட்கார முடியும். என் மகள் பல்கலைக்கழகத்தில் பாடத்தை மாற்றப் போவதாக முதலில் சொன்னது இந்த இருக்கையில்தான். யாரை விட்டுவிட்டுப் போவது என்று நான் கேட்டுக்கொள்வதில்லை. இந்த வாரம் யாருடைய முறை என்று பிள்ளைகள்தான் கேட்கிறார்கள்.

பதிவு 8
ஆற்றங்கரை

சகோதரி, கடைசிப் பத்தியை மனைவியிடம் அப்படியே படித்துக் காட்டினேன். “சரி, என் முறை எப்போது?” என்றாள்.

இப்போது இன்னொரு சந்தேகம். மனம் பழைய என்ஏவைத்தான் கேட்கிறது, பக்கத்து வீட்டுப் பெரியவருடையது போல. ஹாரோவில் இருந்துகொண்டு அதை ஓட்ட முடியுமா? புகை மண்டலக் கட்டணம்?

பதிவு 9
பழையசாவி

அங்கேதான் இடிக்கிறது நண்பரே. 2023 ஆகஸ்ட் 29 முதல், புகைத் தரம் குறைந்த வண்டிகளுக்குக் கட்டணம் வாங்கும் யூலெஸ் மண்டலம் லண்டனின் எல்லாப் பகுதிகளுக்கும் வந்துவிட்டது. பெட்ரோல் வண்டி பொதுவாக யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. ஞாயிறுதோறும் ஓட்டினால் வருடத்துக்கு 650 பவுண்டு, பெட்ரோல் போடுவதற்கு முன்பே. நாற்பது வயதான பழம்பெரும் வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஆனால் 1990இல் செய்த என்ஏ அந்த வயதைத் தொடுவது 2030இல்தான். ரெடிங்கில் இருப்பதால் நான் தப்பினேன்.

என்சி எல்லாமே அந்தத் தரத்துக்குள் வரும். என்பியில் சில வரும், சில வராது. வாங்குவதற்கு முன் லண்டன் போக்குவரத்துத் துறையின் பக்கத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சாலை வரியிலும் ஒரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. 2001 மார்ச்சுக்கு முன் பதிவான வண்டிகளுக்கு இன்ஜின் அளவை வைத்துத்தான் வரி. 1549 சிசி வரை ஒரு விகிதம், அதற்கு மேல் கூடுதல். என் இன்ஜின் 1598 சிசி. நாற்பத்தொன்பது சிசியால் ஒவ்வொரு வருடமும் பெரிய வண்டிக்காரர்களின் வரியைக் கட்டுகிறேன்.

குளிர்காலத்தில் ஓட்டப்போவதில்லை என்றால் சோர்ன், அதாவது வண்டி சாலைக்கு வராது என்று அரசாங்கத்துக்கு அறிவித்துவிட்டு வரியை நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் சொந்த முன்றிலில் நிற்பதால் உங்களுக்கு அது முடியும். தெருவில் நிறுத்துபவர்களுக்கு முடியாது. காப்பீட்டில் வருடத்துக்கு 3,000 மைல் என்று வரம்பு வைத்துக் கேளுங்கள். முதல் காருக்கு வைத்திருக்கும் விபத்தில்லாச் சலுகையைப் பெரும்பாலும் இரண்டாவதற்குத் தர மாட்டார்கள். சிலர் அதே அளவு தள்ளுபடி தருவார்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

பதிவு 10
பனிமூட்டம்

அண்ணா, நான் சோர்ன் போடுவதே இல்லை. காய்ந்த ஜனவரிக் காலையில் கூரை திறந்து போவதுதான் வருடத்திலேயே சிறந்த ஓட்டம். உப்பு போட்ட சாலையில் போய்வந்தால் அன்றைக்கே அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுவேன்.

பதிவு 11
பழையசாவி

தம்பி, அதே குளிரில் என்ஏவின் கூரையை மடித்தால் பின்கண்ணாடி போய்விடும். அது பிளாஸ்டிக். குளிரில் விறைத்து, மடிப்பில் கீறி வெடிக்கும். முதலில் ஜிப்பைக் கழற்றி அதைத் தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு பழைய துண்டை விரித்து, பிறகுதான் கூரையை இறக்க வேண்டும். 14 வருடத்தில் இரண்டு கண்ணாடி மாற்றிவிட்டேன், இரண்டும் அவசரத்தில் போனவை. என்பி முதல் சூடேறும் உண்மையான கண்ணாடி வந்துவிட்டது.

பதிவு 12
ஆற்றங்கரை

இன்று முதல் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தேன். 2002ஆம் ஆண்டு என்பி, கரும்பச்சை, 3,200 பவுண்டு. பதிவு எண்ணைப் போட்டுப் பார்த்திருந்தேன், யூலெஸ் கட்டணம் இல்லை. புகைப்படத்தில் பார்த்து மயங்கிப் போனேன், நேரிலும் அழகுதான். விற்பவர் மிகவும் தன்மையாகப் பேசினார். ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார்.

முதல் சாலைச் சந்திப்பில் பிரேக் பிடித்தபோது என் இருக்கைக்குப் பின்னால் ‘சளக்’ என்று ஒரு சத்தம். தண்ணீர் பாட்டில் எதுவும் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். வளைவில் திரும்பும்போது அதே சத்தம் இடமிருந்து வலம் போனது. வண்டியை நிறுத்திவிட்டு, பட்டறை அண்ணன் சொன்ன இடத்தில் குனிந்து சில்லின் பின்முனையைத் தடவினேன். பெயிண்ட் நன்றாகத்தான் இருந்தது. கட்டைவிரலால் சற்று அழுத்தியதும் உள்ளே போனது. ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை. அதிலிருந்து பழுப்பு நிறத் தண்ணீர் என் மணிக்கட்டு வரை வழிந்தது.

அந்த மனிதருக்கே அது தெரியாது என்று அவர் முகம் சொன்னது. இருவரும் பேசாமல் நின்றோம். மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன், எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனம் கனத்தது. அந்த நிறம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பதிவு 13
பட்டறைக்காரர்

நல்லது செய்தீர்கள் தம்பி. இரண்டு பக்கமும் சில் வெட்டி வெல்டிங் வைத்து பெயிண்ட் அடித்தால் வண்டியின் விலையில் பாதி போகும். அவரிடம் போன் செய்து வடிகாலைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். இந்த மழைக்காலத்துக்குள் அடைப்பை எடுத்தால் மறுபக்கமாவது பிழைக்கும்.

பதிவு 14
ஆற்றங்கரை

சொல்லிவிட்டேன். நன்றி என்றார்.

பதிவு 15
தென்றல்72

சளக் சத்தம் என்று படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் வண்டியிலும் அந்தச் சத்தம் இருந்தது. குழந்தையின் பால்புட்டி எங்கோ உருளுகிறது என்று ஒரு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு 16
இரவுப்பணி

அண்ணா, என்சியையும் ஓட்டிப் பாருங்கள். சிலர் அதை உடல் பெருத்துவிட்டது என்று ஒதுக்குவார்கள். பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் முந்தையவற்றைவிடப் பெரியதுதான். ஆனால் என்னுடைய 2.0 லிட்டர் வண்டி சாலையில் ஒரு பாரமான வண்டியைப் போல நடந்துகொண்டதே இல்லை. உயரமானவர்களுக்கு முழங்கால் இடிக்காது. உங்கள் வயதுக்கு, வருத்தப்படாதீர்கள், இடுப்பும் நன்றி சொல்லும்.

பதிவு 17
பழையசாவி

என்சியைக் குறை சொன்னவர்களில் நானும் ஒருவன். போன கோடையில் நண்பருடையதை வேல்ஸில் பிளாக் மவுண்டன் மேலே, ஏ4069 சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டிய பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன். ஸ்டியரிங்கில் என்ஏ சொல்லும் அளவுக்கு அது பேசாது. ஆனால் கியர் மாற்றும் அந்த மணிக்கட்டுச் சுண்டல் அப்படியே இருக்கிறது. கை முழுவதும் அசையத் தேவையில்லை, மணிக்கட்டு போதும். ஹிரோஷிமாவில் யாரோ அதை விடாமல் காப்பாற்றி வந்திருக்கிறார்கள்.

பதிவு 18
ஆற்றங்கரை

மூன்று வாரமாக எழுதவில்லை, மன்னியுங்கள். ஐந்து வண்டிக்கு அலைந்தேன். ஒன்றில் பில் இல்லை. ஒன்றுக்கு அடியில் புதுக் கருப்புப் பூச்சு, பார்த்ததும் பட்டறை அண்ணன் குரல் கேட்டது. ஒன்றின் கூரை கிழிந்திருந்தது. நான்காவது நான் போவதற்குள் விற்றுப்போனது.

ஐந்தாவது 2008ஆம் ஆண்டு என்சி. 1.8 லிட்டர், ஐந்து கியர், துணிக்கூரை, வெள்ளி நிறம். 58,000 மைல். விற்றவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. முட்டிவலியால் இனித் தாழ்ந்த இருக்கையில் ஏறி இறங்க முடியவில்லை என்றார். ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் ஆண்டுவாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். முதல் பக்கத்தில், 2008இல் சாவி வாங்கிய அன்று எடுத்த புகைப்படம். பக்கத்துத் தெருப் பட்டறையில் மேடையில் ஏற்றிக் காட்டவும் அவரே ஏற்பாடு செய்திருந்தார். சில் இரண்டும் கெட்டி. 4,600 பவுண்டு. பேரம் பேசத் தோன்றவில்லை.

சாவியைக் கொடுத்த பிறகு அவர் காரின் பானெட்டில் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றார். “மழைக்குப் பிறகு உடனே கூரையை மடிக்காதே, துணி ஈரத்தோடு மடங்கினால் நாறும்” என்று சொல்லிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஈஸ்ட்ஹாம் முருகன் கோயிலில் பூசை போட்டோம். குருக்கள் கூரை திறந்திருந்த வண்டிக்குள்ளேயே விபூதியைத் தூவிவிட்டார், இருக்கைத் தையலில் இன்னும் இருக்கிறது. எலுமிச்சம்பழத்தின் மேல் சக்கரம் ஏறியதும் மகன் கைதட்டினான்.

ஞாயிறு காலை ஆறேகால். நான்கு டிகிரி. முதல் முறை மனைவியுடைய முறை. நடுவிலுள்ள ஒரே கொக்கியைத் திறந்து, உட்கார்ந்தபடியே கூரையைப் பின்னால் தள்ளினேன், ‘கிளிக்’ என்று அமர்ந்தது. அவள் கம்பளிச் சால்வையைக் கழுத்துவரை சுற்றிக்கொண்டு, “பைத்தியக்காரத்தனம்” என்றாள். லண்டனுக்குத் தெற்கே உள்ள பாக்ஸ் ஹில் குன்றுக்குப் போனோம். ஜிக்ஜாக் சாலையில் அந்த நேரத்திலேயே சைக்கிள்காரர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். முந்த இடமில்லாமல் அவர்களுக்குப் பின்னால் இரண்டாவது கியரில் மெல்ல ஏறினோம். எனக்கு அது குறையாகவே தெரியவில்லை. ஒரு வளைவில் பூண்டு வாசனை. மனைவி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “யாரோ ரசம் தாளிக்கிறார்கள்” என்றாள். வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்த்தோம், மரநிழலில் தரை முழுவதும் காட்டுப் பூண்டு, நீள இலை. ஹாரோவில் பதினெட்டு வருடமாக இருக்கிறோம், அது இங்கே இப்படி விளையும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. அவள் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்து, அதைக் கையில் வைத்தபடியே வீடுவரை வந்தாள்.

மகளுக்கு அடுத்த ஞாயிறு. எழுந்திருப்பாளா தெரியவில்லை. மகன் இப்போதே அவளுடைய முறையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பதிவு 19
தென்றல்72

மகிழ்ச்சியாக இருக்கிறது. உண்மையாகச் சொல்கிறேன். என் மகனுக்கு இப்போது முன்னிருக்கையில் உட்காரும் வயது வந்துவிட்டது. நேற்றிரவு விற்பனை விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை பார்க்கப் போகும்போது பட்டறை அண்ணன் எழுதியதை அச்செடுத்துக் கையில் கொண்டுபோவேன்.

பதிவு 20
ஆற்றங்கரை

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள் தென்றல். குராய்டன் தூரமில்லை, சில் தடவிப் பார்க்கவும் இப்போது பழகிவிட்டேன்.

பட்டறை அண்ணா, சனிக்கிழமை வடிகாலைச் சுத்தம் செய்யப் போகிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் காற்றழுத்த பம்பு தருகிறேன் என்கிறார். ஊதிவிடலாமா?

பதிவு 21
பட்டறைக்காரர்

காற்று வேண்டவே வேண்டாம். உள்ளே ரப்பர் குழாய் கழன்றுவிட்டால் தண்ணீர் நேராகச் சில்லுக்குள் போகும், பிறகு பாதி வண்டியைப் பிரிக்க வேண்டியிருக்கும். என்சியில் துளையின் வாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் வடிகட்டி இருக்கும். அதை மெதுவாக மேலே இழுத்து எடுத்துக் கழுவுங்கள். பிறகு புல்வெட்டும் கருவிக்குப் போடும் நைலான் கம்பி, இரண்டு மில்லிமீட்டர், ஒரு மீட்டர் போதும். வெட்டிய முனை கூராக இருக்கும், லைட்டரில் காட்டி உருட்டிவிடுங்கள். மெல்ல விட்டு எடுங்கள், அழுத்தாதீர்கள். கடைசியில் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிவிட்டு, பின்சக்கரத்துக்கு முன்னால் குனிந்து பாருங்கள். ஊற்றிய அளவு கீழே வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்.

பதிவு 22
ஆற்றங்கரை

இடது பக்கம் உடனே வந்தது. வலது பக்கம் முதலில் சொட்டுச் சொட்டாக, பிறகு ஒரு கைப்பிடி கறுத்த இலைத்தூளோடு மொத்தமும் வந்தது. மகன்தான் குனிந்து பார்த்துச் சொன்னான்.